பதினாலாம் பாகம்

"நீ தாண்டிட்ட" என்றான் ரதீஸ்.

மேனுகா வாசிப்பதை நிறுத்தினாள். கண்ணை மூடிக் கிடந்த அண்ணன் தூங்கிப்போனான் என்று நினைத்துத்தான் நாலைந்து பக்கங்களைச் சேர்த்துப் புரட்டியிருந்தாள்.

"எங்க தாண்டின நான்?"

"மலைக்கோட்டையில சண்ட துவங்கின. இப்ப ஆக்கள் ஆத்தங்கரையில சோறு தின்னுறாங்க. சண்ட எங்க போன?"

"அந்தச் சண்ட பன்னிரண்டாம் பாகத்திலயும் வந்ததெண்டு நீங்கதானே அண்ணன் சொன்ன நீங்க? அதே சண்டதான். ஆக்கள்ட பேர்தான் வேற."

"கிடக்கட்டும். மோசமெண்டாலும் அவர் எழுதினத வாசி. நீ சுருக்கித் தாற கத எனக்கு வேணாம்."

அவள் பக்கங்களைப் பின்னால் புரட்டி, மலைக்கோட்டைச் சண்டையிலிருந்து மறுபடி தொடங்கினாள். ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் இருந்த கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தது. சோறு இறங்கவில்லை. கஞ்சித் தண்ணீரும் போன கிழமையோடு நின்றுபோனது. வலிக்குக் கொடுத்த மருந்தைக்கூட அவன் பாதிதான் குடித்தான். முழுதாகக் குடித்தால் கதை விளங்காதாம்.

கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் தனியார் பஸ்ஸில் ரதீஸ் றைவர். ஸ்டியரிங்குக்கு முன்னால், கண்ணாடியோரம், சாமி படத்துக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு 'உப்பரண்' புத்தகம் கிடக்கும். ஓதவாணன் என்ற புனைபெயரில் கொழும்பில் எங்கோ இருந்த ஒருவர் இருபது வருஷத்துக்கு மேலாக எழுதிவந்த மாயக் கதை அது. உப்பால் கட்டிய ஒரு கோட்டை, அதைச் சுற்றி ஏழு ஆறுகள், உயிரோடிருப்பவர்களின் நாட்டுக்கும் மூழ்கிப்போனவர்களின் நாட்டுக்கும் நடுவில் தோணி விடுகிற மாலதை என்ற பெண். ஒவ்வொரு பாகமும் தலையணை கனம். ஊரில் அதை வாசித்தவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் வாசித்தவர்கள் அதற்குள்ளேயே குடியிருந்தார்கள்.

அப்படி ஒருவன் காத்தான்குடி ஸாஹிர். கல்முனையில் துணி விற்கும் ஒரு பிடவைக் கடையில் வேலை செய்தவன். காலையும் மாலையும் ரதீஸின் பஸ்ஸில்தான் போய்வருவான். கண்ணாடியோரம் கிடந்த புத்தகத்தைக் கண்ட நாளிலிருந்து அவனுக்கு றைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்தான். ஒன்பதாம் பாகத்தில் மாலதை உப்புவாயில் என்ற இடத்தில் மூழ்கிச் செத்தபோது, இருவரும் களுவாஞ்சிக்குடி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள் என்று கொண்டக்டர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான்.

பிறகு சுனாமி வந்தது. கடற்கரையோரம் இருந்த வீட்டோடு ரதீஸின் மனைவி கோமளேஸ்வரியும் ஐந்து வயது மகள் ஆர்த்திகாவும் போனார்கள். இரண்டு பேரையும் அவனே தேடி எடுத்தான், மேனுகாவும் கூடநின்று தூக்க, அவனே புதைத்தான். பிறகு அவள் அண்ணனுக்குச் சமைத்துப்போட என்று வந்தாள். சுனாமிச் சனத்துக்கு வாவிப்பக்கத்தில் கட்டிக்கொடுத்த திட்ட வீடொன்றில் அவனோடு தங்கிப்போனாள்.

சுனாமிக்குப் பிறகு ஓதவாணனும் மாறிப்போனார். மூன்று வருஷத்துக்கு ஒரு பாகம் எழுதியவர் வருஷத்துக்கு ஒன்று எழுதினார். பத்தாம் பாகத்தில் மாலதை உயிரோடு திரும்பினாள். பதினொன்றில் இன்னும் இரண்டு பேர். பன்னிரண்டு முடிவதற்குள் செத்தவர்களில் பாதிப்பேர் எழும்பி வந்துவிட்டார்கள்.

"மனுசன் விழுந்திட்டாரு" என்றான் ஸாஹிர். "மௌத்தான ஆள எழுப்புறவன் கத எழுதல்ல, புள்ளைக்கு மிட்டாய் குடுக்கான்."

"விழல்ல" என்பான் ரதீஸ், கியரை மாற்றிக்கொண்டே. "வரட்டுமே. வந்தா உனக்கென்ன நட்டம்?"

நாலு வருஷம் இந்த வழக்கு நடந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் கட்சி கட்டினார்கள். ஒரு தடவை ஆரையம்பதி டீச்சர் ஒருத்தி ஸாஹிரின் பக்கம் பேசப்போய், இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். ரதீஸ் படுக்கையில் விழுந்த பிறகு ஸாஹிர் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. பதினாலாம் பாகத்தை, கடைசிப் பாகத்தை, டவுனில் வாங்கிக் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். 'இத நான் வாசிக்கமாட்டன். அவனே வாசிச்சு அழட்டும்' என்று சொன்னானாம்.

கடைசி அத்தியாயத்துக்கு வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மேனுகாவின் தொண்டை காய்ந்திருந்தது. எழுத்தும் அவளைச் சோதித்தது. ஒரே வசனம் திரும்பத் திரும்ப வந்தது. ஆறுகளில் ஒன்றின் பேரே மாறியிருந்தது. தாண்டவேண்டும் போலிருந்தும் அவள் தாண்டவில்லை.

உப்பரணில் வெற்றி விருந்து நடக்கிறது. மாலதை விருந்துக்குப் போகவில்லை. தோணியை எடுத்துக்கொண்டு உப்புவாயிலுக்குப் போய், ஒருநாளும் கண்டெடுக்கப்படாதவர்களைத் தா என்று கேட்கிறாள். ஒருவரையும் உயிரோடு தரமுடியாது என்கிறான் காவலன். உயிர் வேண்டாம், உடல்களைத் தா, வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்கிறாள் அவள். தோணி நிறைய ஏற்றிக்கொண்டு துறைதுறையாகப் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஆட்கள் வந்து தங்கள் தங்கள் சனத்தைத் தூக்கிப் போகிறார்கள். அன்றிரவு அந்த நாட்டில் வெகுகாலமாகத் திறந்தே கிடந்த கதவுகளையெல்லாம் சாத்துகிறார்கள். அவ்வளவுதான். விருந்து என்ன ஆனது என்றுகூட எழுதவில்லை.

மேனுகா புத்தகத்தை மூடினாள். அண்ணன் கண் திறந்திருந்தான்.

"எழுத்து விழுந்துதான் போச்சு" என்றான். "ஸாஹிர் சொன்னது சரி."

அவள் புத்தகத்தை மடியில் வைத்தாள்.

"ஆனா இந்தக் கடைசி... இது ஸாஹிருக்கு எழுதினது."

"அவரத் தெரியுமா ஓதவாணனுக்கு?"

"தெரியாது." ரதீஸ் மூச்செடுக்க நேரம் எடுத்துக்கொண்டான். "அவன வாசிக்க வை. மாட்டனெண்டுதான் சொல்லுவான். நீ விடப்படாது, என்ன?"

"ஓம்."

"விடப்படாது."

"ஓம் எண்டு சொல்லிட்டன்தானே அண்ணன்."

விளக்கு வைக்கும் நேரம் கரண்டியால் வாயில் தண்ணீர் விட்டாள். அது உள்ளே போகாமல் கடைவாயால் வழிந்து தலையணையை நனைத்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தைத் துடைத்து, கண்களை மூடிவிட்டாள். பிறகுதான் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் தாய்மாமன் வல்லிபுரம் வந்து எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். பந்தல் போட்டாயிற்று. பெட்டி வந்தாயிற்று. வடக்கில் சண்டையெல்லாம் முடிந்துவிட்டதென்று ரேடியோ முதல்நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. பிரதான வீதியில் யாரோ வெடி கொளுத்தினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள், சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

"பறை வேணாம்" என்றார் மாமா. "கூட்டமும் கூடாது. காலம் சரியில்ல. வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்திருவம்."

"ஸாஹிர் காக்கா வரணும் மாமா. கொண்டக்டரிட்டச் சொல்லி அனுப்பிரிக்கன்."

"ஆரு, அந்தக் காத்தான்குடிப் பொடியனா? அவன் இஞ்ச வந்து இறங்குவானா புள்ள?"

மேனுகாவுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு இந்த வீதியில் முஸ்லிம் ஆட்களை மறித்து இறக்கிக் கொண்டுபோனதற்குப் பிறகு, பஸ்ஸில் போகிற காத்தான்குடி ஆட்கள் பலர் இடையில் எந்தத் தமிழ் ஊரிலும் இறங்குவதில்லை. பழைய கதைகளைக் கிளறவேண்டாமென்று ஒருவரும் அதைப்பற்றிப் பேசுவதும் இல்லை.

ஸாஹிர் வந்தான். படலைக்கு வெளியே, வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக நின்றான். உள்ளே வரவா விடவா என்று தெரியாமல் செருப்பைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேனுகா எழுந்து படலைவரை போனாள்.

"வாங்க காக்கா."

அவன் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். ரதீஸின் முகம் பாதியாகக் குறைந்திருந்தது. ஸாஹிர் கையை வயிற்றோடு கட்டிக்கொண்டு பார்த்தான், உதடு அசைந்தது. பிறகு பந்தல் ஓரத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தான். மேனுகா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள்.

"வாசிச்சு முடிச்சானா?" என்று கேட்டான் ஸாஹிர்.

"முடிச்சாரு. நான்தான் வாசிச்சுக் காட்டின."

"என்ன சொன்னான்?"

"நீங்க சொன்னது சரியெண்டு சொன்னாரு. எழுத்து விழுந்துபோச்சாம்."

நாலு வருஷத்து வழக்கில் வென்றவனின் முகம் அப்படியே வாடிப்போனது. "பொய் சொல்லாத தங்கச்சி. அவன் அப்புடிச் சொல்ற ஆள் இல்ல."

"இஞ்ச படுத்திரிக்காரு. இவருக்கு முன்னால நான் பொய் சொல்லுவனா?"

ஸாஹிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடைசி அத்தியாயத்த உங்கள வாசிக்கச் சொன்னாரு" என்றாள் அவள். "விடப்படாதெண்டும் சொன்னாரு."

"வேணாம் தங்கச்சி."

"ஒரு அத்தியாயம்தான் காக்கா."

"வேணாம்." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர்கள் திரும்பினார்கள். அவன் தணித்துக்கொண்டான். "பதிமூணையும் ஏசி ஏசி வாசிச்சன். அவனோட சண்ட புடிக்கத்தான் வாசிச்சன். இனி ஆரோட சண்ட புடிக்க? அதில என்ன, இன்னும் நாலு பேர எழுப்பிரிப்பாரு."

"மௌத்தான ஆக்கள எழுப்பினா உங்களுக்கு ஏன் இவ்வளவு கோவம்?"

அவள் சண்டைக்காகக் கேட்கவில்லை. அண்ணன் கடைசியாகச் சொன்னது அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. அதனால்தான் கேட்டாள். ஸாஹிர் அவளையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தான்.

"எங்கட வாப்பா தொண்ணூறில கல்முனையிலரிந்து வரக்குள்ள இந்த ரோட்டில காணாமப் போனவரு. மையத்தும் கிடைக்கல்ல. உம்மா படலையச் சாத்த விடமாட்டா. வந்தா ஆரு துறக்கிறதெண்டு கேப்பா. பதினெட்டு வருசம். போன நோம்பில அவ மௌத்தாகும் மட்டும் சாத்தல்ல." அவன் நிறுத்தினான். "ரதீஸ் அவண்ட ஆக்கள மண்ணுக்குள்ள வெச்சவன். கதையில ஆரும் எழும்பி வந்தா அவனுக்கு அது கததான். எங்கட வீட்டில அப்புடியில்ல தங்கச்சி. வருவாங்க வருவாங்க எண்டு சொல்லியே ஒரு பொம்பிளட சீவியம் முடிஞ்சிற்று."

மேனுகாவுக்கு இப்போது விளங்கியது. இதையெல்லாம் அண்ணன் எப்போதோ தெரிந்து வைத்திருக்கிறான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி 'வரட்டுமே' என்று வாயடித்த ஆள், இத்தனை நாளும் இதை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறான்.

"அப்ப நான் வாசிக்கிறன், நீங்க கேளுங்க" என்றாள்.

புத்தகத்தை விரித்ததைக் கண்டதும் வல்லிபுரம் மாமா விறுவிறென்று வந்தார். "என்ன புள்ள இது? செத்த வீட்டில கதப்புத்தகமா? சனம் என்ன சொல்லும்?"

"இது அண்ணன் விட்டுட்டுப் போன அலுவல் மாமா. கிடங்கு வெட்டுறத நீங்க பாருங்க. இத நான் பாக்கிறன்."

மாமா திரும்பிப் போய்விட்டார். அவளுடைய அந்த முகத்தை அவர் சுனாமிக்கு அடுத்த நாள் கண்டிருக்கிறார்.

அவள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே வாசித்தாள். முதலில் மெதுவாகத்தான் வாசித்தாள். ஒப்பாரிச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காமல் போகவும் உயர்த்தினாள்.

"அது வெண்ணாறு இல்ல" என்றான் ஸாஹிர் இடையில். "ஆறாம் பாகத்தில கருநீராறு எண்டு எழுதினவரு. ஆத்துட பேரும் மறந்துபோச்சா மனுசனுக்கு?"

"கேளுங்க காக்கா."

"இந்த வசனம் இப்பத்தானே வந்த?"

"மூண்டு தரம் வரும். கேளுங்க."

மாலதை காவலனிடம் கேட்கிற இடம் வந்தது. ஸாஹிர் அதற்குப் பிறகு குறுக்கே பேசவில்லை. ஒப்பாரி வைத்த பெண்களும் ஒவ்வொருவராக ஓய்ந்துபோனார்கள். சண்டைக்கென்று வன்னிக்குக் கொண்டுபோகப்பட்ட மகனைப் பற்றி இரண்டு வருஷமாக ஒரு சேதியும் இல்லாத கைலாசநாயகி அக்கா, தூணில் சாய்ந்திருந்தவள், நிமிர்ந்து உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வீதியில் மறுபடி வெடி கொளுத்தினார்கள். மேனுகா அது ஓயும்வரை காத்திருந்தாள், அந்த வசனத்தை முதலிலிருந்து வாசித்தாள். துறைகளில் மாலதை பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆட்கள் வந்தார்கள். கதவுகளைச் சாத்தினார்கள்.

முடிந்தபோது ஸாஹிர் எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவள் காணவில்லை.

"மோசமா எழுதிரிக்காரு" என்றான். "ஒரே வசனத்த மூணு தரம் எழுதிரிக்காரு."

"ஓம் காக்கா."

அவன் தண்ணீர் கேட்டான். கொண்டுவந்து கொடுத்தார்கள், முழுச் செம்பையும் குடித்தான்.

பெட்டியைத் தூக்கும் நேரம் ஸாஹிர் தானாகவே முன்பக்கம் வந்து ஒரு கையைக் கொடுத்தான். மாமா ஒரு நொடி தயங்கினார், பிறகு தன் தோளிலிருந்த சால்வையை எடுத்து, பெட்டியின் விளிம்பு அறுக்காமல் இருக்க அவன் தோளில் மடித்துப் போட்டார். பெண்கள் வழமைபோலப் படலையோடு நின்றுகொண்டார்கள். மேனுகா நிற்கவில்லை.

"நீ எங்க வாறாய்?" என்றார் மாமா. "பொம்பிளைகள் மயானத்துக்கு வாறல்ல."

"சுனாமியில பொம்பிள ஆம்பிள பாத்தா மாமா புதைச்ச? மச்சாளையும் புள்ளையையும் நானும்தான் தூக்கின. அண்ணனுக்கு மட்டும் ஏன் நிக்கணும்?"

மாமா அவள் காலைப் பார்த்தார். "செருப்பப் போட்டுட்டு வா, மணல் சுடும்" என்றார்.

மயானம் வாவிப்பக்கம். கண்ணாப் பற்றைகளுக்கு அப்பால் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கிடங்கில் பெட்டியை இறக்கினார்கள். மாமா முதலில் மூன்று பிடி மண் போட்டார். அடுத்து மேனுகா. அவள் போட்டுவிட்டு விலகியபோது ஸாஹிர் குனிந்தான்.

"எங்கடயிலயும் மூணு பிடிதான்" என்றான், யாரிடமோ சொல்வதுபோல. ஒவ்வொரு பிடிக்கும் அவன் உதடு அசைந்தது. மூன்றாவது பிடி பெட்டிமேல் விழுந்தபின் மண்வெட்டிக்காரர்கள் முன்னால் வந்தார்கள். ஸாஹிர் மறுபடி குனிந்து இன்னொரு பிடி அள்ளினான். போடப்போகிறான் என்று அவர்கள் காத்து நின்றார்கள். அவன் போடவில்லை. விரல்களை இறுக்கி மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்து வழிவிட்டான்.

திரும்பி வரும்போது அவன் முன்னால் நடந்தான். மேனுகா அவனுக்கு ஒரு எட்டுப் பின்னால் நடந்தாள். வலதுகை மூடியபடியே இருந்தது. விரலிடுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக மணல் உதிர்ந்தது. அவன் அடிக்கடி கையைத் தூக்கிப் பார்த்து இன்னும் இறுக்கிக்கொண்டான்.

ஒழுங்கை பிரதான வீதியில் ஏறும் இடத்தில் ஆமியின் காவல் சென்றி. மணல்மூட்டைகளுக்கு மேலே அன்று புதிதாக ஒரு கொடி கட்டியிருந்தார்கள். உள்ளே நின்ற இளம் சிப்பாய் வெளியே வந்து கையை நீட்டி மறித்தான்.

"கை என்ன?"

ஸாஹிருக்கு முதலில் கேட்கவில்லைப் போலிருந்தது. சிப்பாயின் விரல் துவக்கின் மேல் நகர்ந்தது. "கை. துற."

"காக்கா, துறந்து காட்டுங்க" என்றாள் மேனுகா.

ஸாஹிர் கையை நீட்டித் திறந்தான். உள்ளங்கையில் மணல். வியர்வையில் நனைந்து கோடு கோடாய் ஒட்டியிருந்தது. சிப்பாய் குனிந்து பார்த்தான். விரல் நுனியால் அதைக் கிளறிப் பார்த்தான். பிறகு ஸாஹிரின் முகத்தைப் பார்த்தான், பின்னால் வெள்ளைச் சேலையில் நின்ற மேனுகாவைப் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டான்.

ஸாஹிர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினான். "வாப்பாக்கும் ஒரு பிடி போடணும் தங்கச்சி" என்றான்.

காத்தான்குடிப் பக்கம் போகும் பஸ் வந்தது. கூட்டம் நிறைந்திருந்தது, மிதிபலகையில் ஒரு கால் வைக்கத்தான் இடம். கொண்டக்டர் இரண்டு கையாலும் பிடிக்கச் சொல்லிக் கத்தினான். ஸாஹிர் இடது கையால் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.